நூலகரின் விருந்தாளிகள்

பல்கலைக்கழக வாயிலில் அப்போது ஒரு பார்வையாளர் பதிவேடு இருந்தது. நீல அட்டை, நூலில் கட்டிய பேனா. பெயர், ஊர், ‘யாரைப் பார்க்க?’ என்று கட்டங்கள். ஞாயிறுதோறும் அந்த மூன்றாவது கட்டத்தில் ஒரே பதில்தான் வரிசையாக இறங்கியிருக்கும்: நூலகரை.

எழுதியவர்கள் ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள். ஆறு நாள் தையல் மெஷின், ஏழாம் நாள் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பு. வெளியாருக்கு நூலகத்தில் இடமில்லை என்பது விதி. ஆனால் பணியில் இருக்கும் அலுவலரைப் பார்க்க யாரும் வரலாம். நூலகர் மேடம் அதைப் பிடித்துக்கொண்டார். தன் வார விடுமுறை நாளிலும் வந்து உட்கார்ந்து, அத்தனை பேரையும் தன் விருந்தாளிகளாக உள்ளே அழைத்தார். “இன்னா மேடம், வாராவாரம் இவ்ளோ விருந்தாளியா?” என்று காவலர் கிண்டலடித்தால், “எங்களுது பெரிய குடும்பம்ண்ணா” என்பார்.

நான் ஆய்வு மாணவன், அவசரக்காரன். விதியை மாற்ற மனு போடலாம் என்று குதித்தேன். “மனு அலமாரியில தூங்கும்ப்பா. அதுக்குள்ள இவங்க பரீட்சை முடிஞ்சிடும்” என்றார். ஆனால் ஆசை அவருக்கும் அதுதான். அந்தப் பெண்கள் செருப்பை வெளியே விட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, போகும்போது கும்பிட்டுவிட்டுப் போவது அவருக்குப் பொறுக்காது. “என்னைத் தெரிஞ்சவ மட்டும் வர்றதுக்குப் பேரு லைப்ரரியா? அது என் வீடு.”

பரீட்சைக்கு முந்தைய ஞாயிறு, குடியாத்தத்தில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். வரமாட்டார் என்றே நினைத்தேன். ஒன்பது மணிக்குப் பட்டுப்புடவையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். எல்லோரையும் உள்ளே அனுப்பினார். “நீங்க கிளம்பினா இவங்களும் கிளம்பணுமே மேடம்” என்றார் காவலர். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. “வர்றேன்டி, மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி குடு” என்று நாலைந்து முறை சொல்லியிருப்பார். கடைசியில் காவலர்தான் வந்து நின்றார். “போய்ட்டு வாங்க மேடம். நீங்க வெளிய போனதை நான் பார்க்கல.”

திங்கள் காலை மேடம் நேரே பதிவாளரிடம் போய், தான் இல்லாத நேரத்திலும் விருந்தாளிகள் உள்ளே இருந்ததைத் தானே சொல்லிவிட்டார். பின்னால் தெரிந்தால் காவலரின் வேலை போய்விடும் என்ற பயம். “நீங்களே இல்லாதப்ப யாரைப் பார்த்தாங்க?” என்று பதிவாளர் எரிந்து விழ, “புத்தகத்தை சார்” என்றாராம். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதிலோடு, அன்று ஒவ்வொருத்தியும் எந்தப் புத்தகத்தை எடுத்தாள் என்ற பட்டியலையும் இணைத்தார். அலமாரியில் தூங்க அது மனு அல்லவே! விளக்கக் கடிதத்தை நூலகக் குழுவின் முன் வைத்தே ஆகவேண்டும். வைத்தார்கள், வாசித்தார்கள். மேடத்துக்கு ஓர் எச்சரிக்கை; வாசகர்களுக்கு ஒரு புதிய விதி. ஞாயிறன்று கம்பெனி அடையாள அட்டை போதும்.

மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். போன ஞாயிறு போயிருந்தேன். கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஒரு பெண் விறுவிறுவென்று வந்து ஜன்னலோர மேஜையைப் பிடித்தாள். யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை, வணக்கம் வைக்கவில்லை. புத்தகத்தைப் பிரித்தவள் சட்டென்று நிமிர்ந்து என்னிடம் சொன்னாள்:

“ஏங்க, அந்த ஃபேனை ஜாஸ்தி வைங்க. இன்னா புழுக்கம்!”

எழுந்து போய் வைத்தேன்.