தூணை எடுத்த துணிக்கடை

இன்று தென்காசியில் ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கப் போனேன். அந்தப் பழைய ஜவுளிக்கடைக் கட்டடம் தெரியும்தானே? கிரேக்கத் தூண், முகலாய வளைவு, உச்சியில் குட்டிக் கும்மட்டம் என்று நூறு வருஷத்துக்கு முன் எல்லா ஊரையும் கலந்து கட்டியது.

உள்ளே நடுத்தூணைக் காணோம்.

"ரேக் போட இடைஞ்சலா இருந்துச்சு, எடுத்தாச்சு" என்றார் கடை அண்ணாச்சி.

தூண் இருந்த இடத்துக்கு மேலே, வளைவில் நீளமாக விரிசல். அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தார்கள்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"இன்ஜினியர் ஒட்டினாரு. விரிசல் பெருசானா கண்ணாடி உடையுமாம். உடைஞ்சா எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு அவருக்கு போன் போடணுமாம்."

"இன்னும் உடையலையே, நல்லது."

"ரெண்டு உடைஞ்சுட்டு. நாமளே புதுசு வாங்கி ஒட்டிக்கிடுதோம். இது மூணாவது."

அதற்கு நேர் கீழே மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள் கடையின் தையல்காரி செல்வி. "ஏட்டி, கொஞ்சம் தள்ளி உக்காரேன்" என்றேன்.

"இங்கனதான் வெளிச்சம் வருதுக்கா. மிஷின் ஓடுனா மேல டக்கு டக்குன்னு கேக்கதும் தெரியாது" என்று சிரித்தாள்.

அந்த இன்ஜினியரைத் தெரிந்தவர்கள் உடனே அவரிடம் சொல்லுங்கள். போன் வரவில்லையே என்று அவர் நிம்மதியாக இருப்பார்.