விட்டு விட்டு எரியணும்

எங்கள் கார் கொட்டகைக்கு எலி வந்ததற்குக் காரணம் கார்தான் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார். காரை ஒட்டி அவர் அடுக்கி வைத்த நெல் மூட்டைகளுக்கும் எலிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாதாம். வந்த எலி நெல்லைத் தின்றது, அலுத்துப்போய் வயரையும் தின்றது. ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினேன். முன்விளக்கு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. வைப்பர் மட்டும் தானாக ஒருமுறை எழுந்து, சுற்றிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

அது என் அப்பா ஓட்டிய கார். என்னைவிட வயதில் மூத்தது. அண்ணன் புது வண்டி வாங்கியபோது, "இத நீயே வச்சுக்க" என்று அப்பா என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். கோவில்பத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு கணவர் பெயரில் இருக்கிறது. நெடுங்காட்டு நிலம் அவர் பெயரிலும் அவர் தம்பி பெயரிலும். கேஸ் இணைப்பு மாமியார் பெயரில். அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் பெயரையெல்லாம் இருபத்தைந்து வருடமாக எழுதுகிறேன், என் பெயர் எழுதிய சொத்து என்று இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். அதை விட எனக்கு மனமில்லை. இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள் என்று, கேட்டவர்களிடமெல்லாம் "அப்பா ஞாபகம்" என்று சொல்லி வந்தேன்.

அந்த மாதம்தான் காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. விளக்கு, ஹாரன் எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் போக்குவரத்து அலுவலகத்தில் புதுப்பித்துத் தருவார்கள். கணவருக்கு இது நல்ல சந்தர்ப்பமாகப் போய்விட்டது.

"வெள்ளிக்கிழம டெஸ்ட்ல பாஸாச்சுன்னா வச்சுக்க. இல்லன்னா சனிக்கிழம காலையில பழைய இரும்புக் கடைக்காரர வரச் சொல்லியிருக்கேன். கொட்டகையாவது மிஞ்சும்" என்றார்.

இருந்த கோபத்தில் நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

டவுனில் கார் எலக்ட்ரீஷியன்கள் மூன்று பேரைப் பார்த்தேன். ஒருவர் பானெட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார். இன்னொருவர், "இதுக்கெல்லாம் வயரிங் படமே கிடையாதுங்க மேடம்" என்றார். மூன்றாமவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார், போனவர் போனவர்தான். கடைசியில், கூட வேலை பார்ப்பவர் சொல்லி, கடலோரத்துக் கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். ஃபைபர் படகுகளுக்கு வயரிங் செய்பவர். நாற்பது வயதிருக்கும், சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர்.

"கார் வேல செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"படகே செய்யிறோம், கார் என்னங்கக்கா. இது முழுவவா போவுது?" என்றார்.

முதல் நாளே எங்களுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது. காரில் பேட்டரியின் ஒரு முனையைப் பாடியோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். விளக்குக்கு ஒரு வயர் போனால் போதும். கரண்ட் திரும்பி வருவது பாடியின் இரும்பு வழியாகத்தான். ஃபைபர் படகில் இரும்பு ஏது? அங்கே போவதற்கு ஒரு வயர், வருவதற்கு ஒரு வயர். நம் ஆள் காரிலும் அப்படித்தான் இழுப்பேன் என்று நின்றார்.

"பாடியில கரண்ட் வுடறதாங்க்கா? ஆள் ஏறி உக்கார்ற எடம்."

"எல்லாக் காரும் அப்படித்தாங்க. பன்னெண்டு வோல்ட்டு, ஒண்ணும் செய்யாது."

"ஒண்ணும் செய்யாதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க."

ஸ்டார்ட்டருக்கு மட்டும் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தார். மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு வயர். டாஷ்போர்டுக்குள் வயர்க் கட்டு என் முழங்கை கனத்துக்கு வந்துவிட்டதால் அதில் சாமான் வைக்கும் சின்ன அறையின் கதவு இன்றுவரை மூடுவதில்லை. உப்புக்காற்று ஏறக்கூடாது என்று ஒவ்வொரு இணைப்பிலும் கிரீஸை அப்பி, டேப்பைச் சுற்றி, அதன் மேல் பசையையும் பூசினார். இந்தக் கார் கடலில் விழுந்தாலும் விளக்கு எரியும் என்றார். விழாமல் எரிந்தால் எனக்குப் போதும் என்றேன்.

புதன்கிழமை வந்து பார்த்தால், இடது பக்க இண்டிகேட்டருக்குச் சிவப்புக் கண்ணாடியும் வலது பக்கத்துக்குப் பச்சையும் மாட்டியிருந்தார். கடலில் அப்படித்தானாம். எதிரில் வருபவனுக்கு எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டாமா என்று என்னையே கேட்டார். தெருவில் எதிரில் வருபவர்கள் படகில் வருவதில்லை என்று எடுத்துச் சொல்லி, பழைய மஞ்சள் கண்ணாடிகளையே திரும்ப மாட்ட வைத்தேன். நல்லவேளை கண்ணில் பட்டது, இனி தப்பு வர வழியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலை சோதித்துப் பார்த்தோம். நான் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டேன், அவர் வெளியே நின்று குரல் கொடுத்தார். முன்விளக்கு? எரியுதுங்க்கா. பிரேக் லைட்? எரியுது. இண்டிகேட்டர்? ஜோரா எரியுது. இண்டிகேட்டர் போட்டால் முன்பெல்லாம் டிக் டிக் என்று சத்தம் வரும், இப்போது அந்தச் சத்தமே இல்லை. புது வயரிங் என்றால் இப்படித்தான் அமைதியாக இருக்கும் போலிருக்கிறது என்று மகிழ்ந்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

வெள்ளிக்கிழமை, தான் செய்த வேலை பாஸாவதைப் பார்க்க எலக்ட்ரீஷியனும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தார். போக்குவரத்து அலுவலக வாசலில் இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்தார். ஹாரன் அடித்தது. வைப்பர் ஆடியது. பின்னால் போய் நின்றுகொண்டு, "லெப்ட் இண்டிகேட்டர் போடுங்க மேடம்" என்றார். போட்டேன். குனிந்து விளக்கைப் பார்த்தார்.

"என்ன மேடம், நின்னு எரியுது? விட்டு விட்டுல்ல எரியணும்."

எனக்கு முன்னால் நம் ஆள் பதில் சொன்னார். "நம்ம வேலையில வெளக்கு வந்து வந்து போவாதுங்க சார். ஒரு பழைய டப்பா இருந்திச்சு, அதுதான் கரண்ட வெட்டி வெட்டி வுட்டுச்சு. செத்த டப்பான்னு கழட்டிக் குப்பையில போட்டுட்டேன், குப்ப வண்டியும் வந்து அள்ளிட்டுப் போயிட்டுது."

விட்டு விட்டு எரிய வைப்பதே அந்த டப்பாதான். "ஏங்க, பைக்கெல்லாம் விட்டு விட்டுத்தானே எரியுது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "அது இப்ப வர்ற வண்டிங்கக்கா. இது அந்தக் காலத்து வண்டியாச்சே" என்றார்.

ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஒரு காரியம் செய்தேன். "இப்ப பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு, உள்ளே உட்கார்ந்தபடி இண்டிகேட்டர் சுவிட்சைக் கையாலேயே போட்டுப் போட்டு அணைத்தேன். பின்னால் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டே பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

"அக்கா, சும்மா போட்டுப் போட்டு அணைக்காதீங்க. சுவிட்ச் போயிடும்" என்று நம் ஆள் சத்தமாகச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்குள் குனிந்து என் கையைப் பார்த்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற பெண்பிள்ளை இப்படி மாட்டிக்கொண்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது. "நாலு மணிக்குள்ள சரி பண்ணிக் கொண்டாங்க மேடம். இல்லன்னா ஃபெயில்னு எழுதிடுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மதியம். தொழுகைக்கு மூடிய உதிரிபாகக் கடை சாப்பாடு, தூக்கம் எல்லாம் முடிந்து திறக்க நாலரை ஆகும். திறந்திருந்த ஒரே கடையில், கும்பகோணத்தில் சொன்னால் நாளைக்கு வரும் என்றார்கள். நாளைக்கு இரும்புக் கடைக்காரர் வருவார். தெருவோரம் காரை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, வெள்ளைச் சட்டைக்காரர் முன்னால் அழக்கூடாது என்று அவரையே திட்டினேன். திட்டை வாங்கிக்கொண்டு அவர் யோசித்துச் சொன்னார்: "டிராக்டர்ல அந்த டப்பா இருக்குமேக்கா. ஒரே வோல்ட்டுதான்."

எனக்குத் தெரிந்து ஒரே ஒரு டிராக்டர்தான் இருந்தது. அது நெடுங்காட்டில் சேறு அடித்துக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் என் கணவர்.

காரைக் கண்டதும் அவர் டிராக்டரை வரப்போரம் கொண்டுவந்து நிறுத்தினார். தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தார். நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், சுவிட்சைக் கையால் ஆட்டியது உட்பட. அவர் சிரிக்கவில்லை. சும்மா நின்றாலே அவர் ஜெயித்துவிடுவார் என்பது அவருக்கும் தெரியும்.

"இத எடுத்து மாட்டுனா அது விட்டு விட்டு எரியுமா?" என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டார்.

"எரியுங்க."

"எடுத்துக்கப்பா. வயலுக்குள்ள இண்டிகேட்டர் போட்டு யாருக்குக் காட்டப்போறேன்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவ வாய்க்காலுக்குப் போனார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மூன்றே முக்காலுக்குக் கார் பாஸானது. நம் ஆள், விளக்கு வந்து வந்து போவதைப் பொறுக்க முடியாதவராக, வேறு பக்கம் திரும்பி நின்றார். அவரைக் கிளிஞ்சல்மேட்டில் இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கிளம்பினேன்.

கோவில்பத்துக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், எனக்கு முன்னே எங்கள் டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வருவது நான் என்று அவருக்குத் தெரியாது. வலது பக்கம் திரும்பப்போவதைக் காட்ட, சேறு காய்ந்த கையைத் தோளிலிருந்து நேராக நீட்டி, பஸ் ஒன்று கடந்து போகும் வரை மடக்காமல் பிடித்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. பாஸாகிவிட்டது என்று சொல்ல ஹாரனில் கை வைத்தேன். பிறகு, அந்தக் கையை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் போலிருந்ததால், அடிக்காமலே பின்னால் போனேன்.