உப்புப் புழு

நெல்டா அக்காவின் அடக்கத்தன்று பாதிரியார் அவளுடைய பாட்டைப் பற்றிப் பேசினார். தேவாலய விருந்துகளுக்கு அவள் சுட்டுக்கொண்டு வந்த கேக்குகளைப் பற்றியும் பேசினார். கார் ஷெட்டில் அவள் தூண்டிலுக்கு ரப்பர் புழு வார்த்த அந்தக் கோடையைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்த வருடம்தான் டெல்பர்ட் அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் நடையும் திரும்பின. வலது கையில் பலம்கூட வந்துவிட்டது. விரல் நுனியின் உணர்ச்சி மட்டும் வரவில்லை. கன்டர்ஸ்வில் ஏரியில் பாஸ் மீன் பிடிக்கிறவனுக்கு அதுதான் எல்லாம். பாஸ் ரப்பர் புழுவை வாயில் வாங்கும். தீனி இல்லை என்று தெரிந்ததும் துப்பிவிடும். அந்த இடைவெளியில் தூண்டில் நரம்பில் ஒரு சின்னத் துடிப்பு வரும். விரலுக்கு அது தெரிந்தால் மீன் நம்முடையது. துடிப்பைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கலாம் என்றால், நோய்க்குப் பிறகு மெல்லிய நரம்பு தெரியாத அளவுக்கு அவருக்குப் பார்வையும் மங்கல்.

சில முறை வெறுங்கையோடு திரும்பினார். பிறகு படகை விற்கப்போவதாகச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக்கூட இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. படகைப் பார்க்கச் சனிக்கிழமை ஓர் ஆள் ஏரிக்கரைக்கு வருவதாக ஏற்பாடு. படகு போனால் மனிதரும் போய்விடுவார் என்று அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள்.

உப்புக் கலந்த புழுவைப் பாஸ் கொஞ்சம் கூடுதலாக வாயில் வைத்திருக்கும். கடையில் கிடைக்கும்தான். ஆனால் அத்தான் அதை ஆயுள் முழுக்கக் கேலி செய்தவர். கை மந்தமானவனுக்கு விற்கிற சரக்கு என்பார். பாக்கெட்டைப் பார்த்தாலே வேண்டாம் என்பார். அதனால் அக்கா அச்சு ஒன்றும் பால் போன்ற பிளாஸ்டிக் திரவம் ஒரு பெரிய பாட்டிலும் வாங்கினாள். பொழுதுபோக்கு என்று அவரிடம் சொல்லி வைத்தாள்; உப்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

முதல் புழுக்கள் பிசுபிசுவென்று அச்சிலேயே ஒட்டிக் கிழிந்தன. பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் கெட்டிச் சத்து அடியிலேயே தங்கிவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அடுத்த தடவை குலுக்கி, பழைய மைக்ரோவேவில் சூடாக்கி, சமையலறை டப்பாவிலிருந்து உப்பை அள்ளிப் போட்டாள். ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் கிடந்த உப்பு. ஈரம் கோத்திருந்தது. கொதிக்கிற பிளாஸ்டிக் சீறித் தெறித்து அவள் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. நான் அவள் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அத்தான் குரல் கொடுத்தார்.

"அங்க என்ன கருகுது?"

"ஒண்ணுமில்ல, டெல்பர்ட். கத்துக்கிறேன்."

"வீட்டக் கொளுத்திட்டுக் கத்துக்காத."

அவர் எழுந்து வந்துவிடுவாரோ என்று அவள் கதவையே பார்த்தாள். வரவில்லை. அதுவும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை உப்பை அடுப்பில் காயவைத்து, காப்பி அரைக்கிற மிஷினில் மாவாக்கினாள். கலக்க மறந்த ஒரு வார்ப்பில் உப்பு முழுக்க அடியில் இறங்கிவிட்டது. மறுபடி உருக்கினாள். பிளாஸ்டிக் மஞ்சளடிக்கிறதா, புகை வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள். கடைசியில் ஒரு பை நிறையத் தேறியது. நிறம் மட்டும் அவர் எப்போதும் போடுகிற பூசணிப் பச்சைதான்.

சனிக்கிழமை காலை, விற்பதற்கு முன் ஒரு தடவை என்று கெஞ்சி அவரை அழைத்துவந்தாள். படகை நான் ஓட்டினேன். பாசி ஓரத்தில் அவர் அக்கா கொடுத்த புழுவை மாட்டி வீசினார். அது தண்ணீரில் இறங்குவதைக் கவனித்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"என்ன இவ்ளோ வேகமா இறங்குது?"

உப்பின் கனம். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"கலர் கூடிப்போச்சோ என்னவோ," என்றாள் அக்கா. "நான் இதுக்குப் புதுசுதான?"

அவர் வீசினார், இழுத்தார், வீசினார். பிறகு நரம்பு துள்ளியதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். அவருக்குத் தெரியவில்லை. சொல்லிவிடலாம், ஆனால் சொன்னால் அது அவர் பிடித்த மீன் ஆகாது. அக்கா இருக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். நரம்பு மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. இந்நேரம் துப்பியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். இன்னும் நகர்ந்தது.

மீனின் கனம் கைக்கு எட்டியதும் அத்தானின் தலை நிமிர்ந்தது. தூண்டில் கோலை வெட்டி இழுத்தார். கோல் வளைந்தது.

மீனைத் தூக்கிக் கொக்கியைக் கழற்றியவர், புழுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை நாக்கில் வைத்தார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

அவர் அவளைப் பார்த்தார். அவள் மணிக்கட்டில் இருந்த கட்டைப் பார்த்தார். 

"இது கிழிஞ்சிருச்சு," என்றார். "வேற ஒண்ணு குடு."

நாங்கள் கரை திரும்பியபோது படகு வாங்க வந்தவர் லாரியில் சாய்ந்து நின்றிருந்தார். படகு ஈரமாக இருக்கிறது, இன்று பார்க்க முடியாது என்று அத்தான் அவரிடம் சொன்னார். படகு ஈரமாக இருந்தால் என்ன என்று வந்தவருக்குப் புரியவில்லை. அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே லாரியில் ஏறினார். லாரி மேட்டைத் தாண்டி மறையும்வரை அக்கா புழுப் பையை மார்போடு அணைத்தபடி தண்ணீரிலேயே நின்றாள்.