இருபத்து நான்கு எழுத்துகளைக் கலைத்தவள்

சுல்மா தெச்சேரா பிடிவாதக்காரி. மொந்தெவிதேயோ நகரத்தின் ஓரத்தில், பேருந்து திரும்பிப் போகும் இடத்தில் இருக்கும் எங்கள் 'கடைசி நிறுத்தம்' வீடு கட்டும் கூட்டுறவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குப் போனவள், சாப்பாட்டு இடைவேளைகளில் தானாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். நாற்பது வயதில் அந்தக் கூடத்துக் கணினிகள் எல்லாம் அவள் கைக்குள் வந்துவிட்டன. கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால், "பசிதான், வேற யாரு" என்பாள்.

நோயாளியின் பெயர் தெரியாமல் இருக்க, ரத்தக் குப்பிகளில் கலைத்த எழுத்துகளை ஒட்டுவார்கள். அந்தக் கலைக்கும் நிரலை எழுதிய நாளில் அவள் விளையாட்டாகத் தன் பெயரை உள்ளே கொடுத்தாள். ஸ்பானிய மொழியில் அது ஐந்தே எழுத்து. ஐந்து எழுத்தை நூற்றிருபது விதமாக அடுக்கலாம் என்று கணக்குப் போட்டாள். ஆறு என்றால் எழுநூற்றிருபது. இப்படியே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், இருபத்து நான்கு எழுத்துக்கு வந்தபோது திரையில் இருபத்து நான்கு இலக்கத்தில் ஒரு எண் நின்றது. நொடிக்கு ஒரு வரிசையாகச் சூரியன் பிறந்த நாளிலிருந்து கலைத்துக்கொண்டே வந்திருந்தாலும் அதில் ஒரு மூலையைக்கூடத் தொட்டிருக்க முடியாது. அப்படியானால் ஒரு தடவை கலைத்தால் வருகிற வரிசையை, உலகம் தோன்றியதிலிருந்து ஒருவரும் பார்த்திருக்கப் போவதில்லை! அன்று அவள் சாப்பிட மறந்துபோனாள்.

இருபத்து நான்கு என்ற எண்ணில் அவள் நின்றதற்குக் காரணம் உண்டு. எங்கள் கூட்டுறவில் இருபத்து நான்கு குடும்பம், வீடுகளை நாங்களே சேர்ந்து கட்டினோம். குடும்பத்துக்கு வாரம் இருபத்தொரு மணி நேரம் கட்டட வேலை, இரண்டரை வருஷம். கூரை போட்டு முடிகிற வரை எந்த வீடு யாருக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. முடிந்த பிறகுதான் குலுக்கல். தெரிந்திருந்தால் அவனவன் தன் சுவரை மட்டும் நேராகக் கட்டியிருப்பான்.

வேலையைப் பார்த்துக்கொண்டவர் கொத்தனார் வால்டெமர் பின்தோஸ், அவர் குடும்பமும் இருபத்து நான்கில் ஒன்று. தூக்குக்குண்டைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிகிற மனுஷர். நாலாம் வீட்டுச் சமையலறைச் சுவரைச் சுல்மா பூசியபோது மூன்று தடவை சுரண்டிப் போடச் சொன்னார்.

"இது உன் வீடா இருந்தா இப்படிப் பூசுவியா?"

"என் வீடா இல்லாமப் போனா என்ன பண்ணுவீங்க?"

"அப்பவும் சுரண்டத்தான் சொல்லுவேன். பேசாம கரண்டிய எடும்மா."

நாலாம் வீட்டை யாரும் விரும்பவில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில், தெற்குப் பார்த்து, ஈரத்தில் கிடக்கிற வீடு. எல்லோர் கண்ணும் இருபத்தொன்றின் மேல்தான். பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்த ஊரில் குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. இருபத்தொன்று வடக்குப் பார்த்த மூலை வீடு, காலை முதல் மாலை ஐந்து மணி வரை வெயில் அதன் சுவரை விட்டு இறங்காது. சுல்மாவுக்கு அந்த வெயில் ஆசைக்கு இல்லை, அவசியத்துக்கு. அவள் புருஷன் நெல்சன் இறைச்சிக் கிடங்கின் குளிர் அறையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன். வாடகை அறையின் சுவரில் பச்சைப் பூசணம். ஜூன் பிறந்தால் அவன் இருமுகிற இருமல் பக்கத்து அறைக்குக் கேட்கும். வெயில் படுகிற வீட்டுக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிவிட்டது.

குலுக்கலைத் துணிப்பையில் சீட்டுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று வால்டெமர் நின்றார். பையில் கை விடுகிறவனை எப்படி நம்புவது என்று பாதிப் பேர் எதிர்த்தார்கள். "மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது" என்றாள் சுல்மா. அவளுடைய கலைக்கும் நிரலே குலுக்கட்டும் என்று கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது. குடும்பப் பெயர் அகர வரிசையில், 'ஏ' முதல் 'எக்ஸ்' வரை, ஆளுக்கொரு எழுத்து. தெச்சேரா குடும்பத்துக்கு இருபத்திரண்டாம் எழுத்தான 'வி'. கலைத்த பிறகு எந்த எழுத்து எத்தனையாவது இடத்தில் நிற்கிறதோ, அதுவே அந்தக் குடும்பத்தின் வீட்டு எண்.

சனிக்கிழமை காலை, எல்லோர் முன்னாலும், பொத்தானை அழுத்தினாள். 'வி' இருபத்தொன்றில் வந்து நின்றது.

நெல்சன் அழுதான். சுல்மா சிரித்தாள். வால்டெமருக்கு நாலாம் வீடு. "நல்லாத்தான் கலைக்குது உன் மெஷினு" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை மழை. மழை என்றால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் தோர்த்தா ஃப்ரீத்தா, கொழுப்பில் பொரித்த வட்ட ரொட்டி. நெல்சன் பொரித்துக்கொண்டே, "நேத்து அது எப்படிக் கலைச்சுது, எனக்கும் சொல்லேன்" என்றான். அவளுக்கு ஒரே குஷி. முதல் இடத்து எழுத்தை மொத்த எழுத்துகளில் ஏதோ ஒன்றோடு இடம் மாற்று, அது தானாகவே இருந்தாலும் சரி. அடுத்து இரண்டாம் இடத்து எழுத்தை, மறுபடியும் மொத்த எழுத்துகளில் ஏதோ ஒன்றோடு. இப்படியே கடைசி வரை. புரிவதற்காக மூன்றே எழுத்தை வைத்துக் காட்டினாள்.

"மூணு எழுத்துக்கு ஆறு வரிசை. அறுபதாயிரம் தடவை கலைக்கச் சொல்றேன், பாரு. ஒவ்வொண்ணும் பத்தாயிரம் வரும்."

வரவில்லை. மூன்று வரிசைகள் பதினோராயிரத்தைத் தாண்டின. மூன்று ஒன்பதாயிரத்தைக்கூட எட்டவில்லை.

மறுபடி ஓட்டினாள். அதே மூன்றுதான் முந்தின. இன்னொரு தடவை. அதே மூன்று. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து நெல்சன் அடுப்பை அணைத்தான். அவள் இருபத்து நான்கு எழுத்தையும் லட்சம் தடவை கலைத்து, 'வி' எந்தெந்த வீட்டுக்கு எத்தனை தடவை போகிறது என்று எண்ணினாள். வீட்டுக்கு நாலாயிரத்து நூற்றுச் சொச்சம் வர வேண்டும். இருபத்தொன்றாம் வீட்டில் ஐயாயிரத்து முந்நூறு.

"நான் வேணும்னு பண்ணல, நெல்சன்."

"தெரியும்."

"ஆனா அது நம்ம பக்கம் சாஞ்சிருக்கு."

நெல்சன் ஜன்னலைப் பார்த்தான். பிறகு இருமினான், வெகு நேரம். "ரொட்டி ஆறிப்போவுது, சாப்பிடு" என்றான்.

அவள் சாப்பிடவில்லை. தட்டில் இருந்ததை எண்ணிக்கொண்டே, மூன்று இடம், ஒவ்வொரு இடத்திலும் மூன்று வாய்ப்பு, மொத்தம் இருபத்தேழு வழி என்று முணுமுணுத்தாள். ஆறு வரிசை. இருபத்தேழை ஆறாகப் பங்கு போட முடியாது! எத்தனை வேகமான கணினி வந்தாலும், எவ்வளவு நேர்மையான ஆள் பொத்தானை அழுத்தினாலும் முடியாது. இதில் ஏமாற்று எங்கேயும் இல்லை. பங்கு போட முடியாத ஒன்றை அவள் பங்கு போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். பயத்தில் கிடந்த அந்த நேரத்திலும், இவ்வளவு பெரிய அநியாயம் இவ்வளவு சின்னக் கணக்குக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்கு மெய் சிலிர்த்தது.

இனித் திருத்துவது கடினமில்லை. கடைசி இடத்து எழுத்தை ஏதோ ஒன்றோடு மாற்று, அங்கே வந்து நின்றதை அப்படியே விட்டுவிடு, இனித் தொடாதே. மிச்சம் இருப்பதில் கடைசியை, மிச்சம் இருப்பதில் ஏதோ ஒன்றோடு. மூன்று எழுத்துக்கு மூன்று வாய்ப்பு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. ஆறு வழி, ஆறு வரிசை. வரிசைக்கு ஒரு வழி, ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. இருபத்து நான்கு எழுத்துக்கும் அப்படித்தான். அந்த இருபத்து நான்கு இலக்க எண் முழுவதும், கடைசி ஒன்று வரை, பிசிறில்லாமல் பொருந்தியது. கோவிலுக்கே போகாத சுல்மா திரையின் முன் கை கூப்பாத குறையாக உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் கூட்டம் கூட்டினாள். அறையில் மத்தே என்கிற கசப்பு மூலிகைத் தேநீர்க் குடுவை கை மாறிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கூடை ரொட்டியோடு எழுந்தாள். ஆறு பேரை முன்னால் கூப்பிட்டாள்.

"இதுல இருபத்தேழு இருக்கு. ஆறு பேரும் சமமாப் பிரிச்சுக்கங்க. பிய்க்கக் கூடாது."

ஆளுக்கு நாலு போய் மூன்று மிஞ்சியது. மூன்று பேர் ஆளுக்கொன்றை எடுத்துக் கடித்தார்கள். மற்ற மூன்று பேர் முறைத்தார்கள்.

"சனிக்கிழமை நான் பண்ணது இதுதான்," என்றாள் சுல்மா. "மிச்சம் இருந்த ரொட்டிய என் மெஷினு சில பேருக்குக் கூடுதலாக் குடுத்துருக்கு. எனக்கும்."

ஒரே கூச்சல். "கொஞ்சம்தானே வித்தியாசம், விட்டுத் தள்ளும்மா!" என்றார் ஒருவர். அவருக்கு நல்ல வீடு விழுந்திருந்தது. கூட்டுறவுச் செயலாளர் எதெல்மா பர்போசா, எப்போதும் அதிர்ந்து பேசாதவள், "நாங்க திரைச்சீலைக்கு அளவெல்லாம் எடுத்துட்டோம், தோழர்களே" என்றாள். சுல்மா திருத்திய முறையையும் விளக்கினாள். கேட்டுக்கொண்டே இருந்த வால்டெமர் மெல்ல எழுந்தார்.

"இரு, இரு. எடுத்ததைத் திருப்பிப் போடாம, மிச்சத்துல இருந்து எடுக்கணும். அதானே சொல்ற?"

"ஆமா."

"அடியே, அது என் துணிப்பைதானே! சீட்டை எடுத்தா எவனாவது திருப்பி உள்ள போடுவானா? இதைக் கண்டுபிடிக்கவா இவ்வளவு படிச்ச?"

அறையே சிரித்தது. சுல்மாவும் அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டரை வருஷமாக அந்தப் பையைக் கேலி செய்தவள் அவள்தான்.

"பையையே எடுத்துட்டு வாங்க அண்ணே."

"வேணாம். என் கைய நம்பாதவங்க இன்னமும் இருக்காங்க. உன் மெஷினே செய்யட்டும். ஆனா முதல்ல அந்த மூணு எழுத்தை என் கண்ணு முன்னால ஓட்டு."

வாக்கெடுப்பு. வீட்டுக்கு ஒரு கை. மறுபடி கலைக்கலாம் என்று பன்னிரண்டு கைகள், வேண்டாம் என்று பதினொன்று. பாதியைத் தாண்டினால்தான் செல்லும். மிச்சம் ஒரே ஒரு குடும்பம், தெச்சேரா. என் தப்புக்கு நானே வாக்குப் போட மாட்டேன் என்று சுல்மா முன்பே சொல்லியிருந்தாள். எல்லோரும் நெல்சனைப் பார்த்தார்கள்.

அவன் முதலில் இருமினான். பிறகு கையைத் தூக்கினான்.

"நம்ம வீடு எதுன்னு தெரியாமத்தான எல்லா வீட்டுலயும் ஒவ்வொரு ஸ்விட்சும் மாட்டுனேன்," என்றான். "ஓட்டு, சுல்மா."

மூன்று எழுத்தைச் சுவரில் வெளிச்சம் போட்டு ஓட்டினாள். வால்டெமர் எழுத்துக் கூட்டி வாசித்தார். பத்தாயிரத்துப் பதினெட்டு, ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு, பத்தாயிரத்து ஐந்து... ஆறாவதை வாசித்தபோது அவர் குரல் தணிந்துவிட்டது. கையே படாத ஏதோ ஒன்று, ஆறு தட்டிலும் அளந்து வைத்திருந்தது.

பிறகு இருபத்து நான்கையும் கலைத்தாள்.

'வி' பதின்மூன்றில் விழுந்தது. இருபத்தொன்றாம் வீடு எதெல்மாவுக்கு. வேண்டாம் என்று கை தூக்கியவள் அவள். சுல்மாவுக்கு நெல்சனைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்த நேரத்தில்தான் வால்டெமர் சுவரின் கிட்டே போய், தன் எழுத்தை விரலால் தேடி, எண்ணினார்.

"நாலு," என்றார். "மறுபடியும் நாலு!"

யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. இருபத்து நான்கு இலக்கத்தில் வரிசைகள் கிடக்க, அவரை அது இரண்டாம் தடவையும் தொட்டியின் நிழலிலேயே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

"சனிக்கிழமை இது எனக்கு யாரோ தள்ளிவிட்ட வீடு மாதிரி இருந்துச்சு. இப்ப என் வீடு," என்றார். "ஏம்மா, அந்தச் சமையக்கட்டுச் சுவரு நீ பூசுனதுதானே?"

"ஆமா. மூணு தடவை."

"அப்ப ஈரம் ஏறாது."

பதின்மூன்றாம் வீடு கிழக்குப் பார்த்தது. முதல் குளிர்காலத்தில் நெல்சன் இருமினான், வாடகை அறையில் இருமியதை விடக் குறைவாக. பதினொரு மணிக்கு அவர்கள் ஜன்னலை விட்டு வெயில் போன பிறகும், எதிரே இருபத்தொன்றின் சுவர் மஞ்சளாகத் தெரியும். சுல்மாவுக்கு அது இன்றும் வலிக்கிறது. வலிக்கவில்லை என்று அவள் சொன்னால் நான் நம்ப மாட்டேன். அந்த இருபத்து நான்கு எழுத்தை அச்செடுத்துச் சமையலறையில் ஒட்டியிருக்கிறாள். அதுவரை ஒரு கண்ணும் பார்த்திராத வரிசை. கடந்து போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி நிற்கிறாள்.

"எதிர் வீட்டையே பாக்காத," என்றான் நெல்சன் ஒருநாள். "பதினொரு மணி வரைக்கும் வெயிலு நம்மளுது."

"அதுக்கப்புறம்?"

"எதெல்மா வாசல்ல எனக்கு ஒரு நாற்காலி போட்டுருக்கா. மத்தே நீ கொண்டு வந்துரு."