சுவர் விட்டு வைத்த பல்

போத்தனூருக்கு ரயில் வந்த காலத்தில் கட்டிய மாதா கோயில் எங்களுடையது. ஒரு செங்கல் மாறாமல் காத்துவருகிறோம். வாசல்படி செங்குத்து, படியை ஒட்டியே ரோடு, சாய்தளம் போட இடமில்லை. சர்க்கரையில் ஒரு காலை இழந்த பிறகு அப்பா வெளியே வேப்பமரத்தடியில் சக்கர நாற்காலியில் இருந்தபடிதான் பூசை கேட்டார். தூக்கிக்கொண்டு போகிறோம் என்றால், நாலு பேர் தூக்குவது கடைசியில் ஒரு தடவை போதும் என்பார்.

அவரைப் போன்றவர்களுக்காக வடக்குச் சுவரைத் திறந்து, சாய்தளத்தோடு, கண்ணாடியும் இரும்புமாக ஒரு கூடம் சேர்க்கலாம் என்றார் பங்குச் சாமியார். வரைபடம் போட்டவள் நான். முதல் ஆளாக எதிர்த்தவர் அப்பா. வெளியிலேயே கிடந்து செத்தாலும் சரி, அந்தச் சுவரில் உளி படக்கூடாதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டேன்.

ஆனால் அது வீண் பயமல்ல. சுண்ணாம்புச் சுவர், விரிசல் விடாது என்று என்னாலும் சத்தியம் செய்ய முடியவில்லை. பூச்சை மட்டும் சுரண்டிப் பார்க்கச் சாமியாரிடம் சம்மதம் வாங்கினேன். அப்பாவும் காவலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்தச் சுவரில் மேலிருந்து கீழாக இரண்டு தடித்த பட்டைகள் உண்டு. அலங்காரம் என்றே நினைத்திருந்தோம். பூச்சு உதிர உதிர, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை செங்கல் பாதி நீட்டிக்கொண்டு வந்தது. பின்னால் கட்டுகிறவர் தன் சுவரைக் கோத்துக்கொள்ள விடுகிற பல். நடுவே சுவருக்குள் ஒரு முழு வளைவு. பாரமெல்லாம் அதன் மேல். கீழே இருந்தது வெறும் அடைப்பு. அதை எடுத்தால் வாசல். நாங்கள் யாரென்றே தெரியாமல், யாரோ வருவோம் என்று நம்பிக் கட்டியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியிலும் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நான் மேலே ஒரு மாடி எடுப்பேன் என்று அப்பா விட்டு வைத்தவை. துணி காயப்போடக் கொடி கட்டத்தான் ஆகிறது என்று கேலி செய்வேன்.

அப்பா சுவரருகே வந்து ஒரு பல்லைத் தடவினார்.

"நம்மளுக்குன்னு உட்டு வெச்சிருக்காங்க, கண்ணு. தொறந்து உடு."

வரைபடத்தை மாற்றினேன். கண்ணாடிக் கூடம்தான், பழைய சுவரைத் தொடுகிற இடத்தில் மட்டும் செங்கல் வைத்துப் பல்லோடு கோத்தோம். முதல் பூசையன்று அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். வளைவின் கீழே நிறுத்தச் சொல்லி, அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையை விலக்கிவிட்டு, தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.