பூட்டாத கிரில் கதவு

என் மகன் சேவியருக்கு முதலில் கழுத்தில் நெறிகட்டியது. பல்வலியால் இருக்கும் என்று நினைத்தேன். வாரக்கணக்காகியும் வற்றவில்லை. ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. (உடலின் எதிர்ப்பாற்றலை அழிக்கும் கிருமி) இருப்பது தெரிந்தது. ஹெராயின் ஊசியை நண்பர்களோடு பகிர்ந்ததில் வந்தது. இந்த நோய்க்குப் பெயர் வைத்தே சில ஆண்டுகள்தான் ஆகின்றன, குணப்படுத்த மருந்தில்லை.

"தொட்டா ஒட்டாது, சார். ஒண்ணா சாப்பிடலாம்," என்றார் மருத்துவர்.

நான் நம்பினேன். சேவியர் நம்பவில்லை. வெளியே போகும்போது பிள்ளைகளின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைவது எங்கள் வீட்டு வழக்கம். அன்று நான் விரலை உயர்த்தியதும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "வேணாம்பா."

மீண்டும் ஊசியைத் தேடிப் போவானோ என்று அதன்பின் அவனை வெளியே விடவும் பயந்தேன். சிங்கப்பூரில், மார்சிலிங் வட்டாரத்தில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் கிரில் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மனைவி இறந்தபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். ஹெராயின் கிடைக்காமல் அவனுக்கு உடல் நடுங்கும்போதெல்லாம் முழங்காலிடச் சொல்லி ஜெபமாலை சொல்லவைத்தேன். அதுவே சிகிச்சை என்றிருந்தேன்.

மாதா கோயிலில் தெரிந்தவர் ஒருவர் ஒரு கன்னியாஸ்திரியிடம் அனுப்பினார். அவர் உளவியல் படித்தவர்; ஆன்மிகவழி உளச்சிகிச்சை (நோயாளியின் நம்பிக்கையையும் துணைக்கு வைத்துப் பேசும் சிகிச்சை) தருபவர். நானும் உடன் உட்கார்ந்தேன்.

"கடவுள் உன்னை என்ன செய்வார்னு நினைக்கிற?"

"உள்ள வச்சுப் பூட்டுவார், சிஸ்டர். எங்கப்பா மாதிரி. ஜெபமாலையும் கொடுப்பார்."

சிஸ்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில வாரங்கள் கழித்து, இனி அவன் தனியாக வரட்டும் என்றார்.

"பஸ் தேக்கா வழியாத்தான் வருது. ஹெராயின் பவுடர் விக்கிறவங்க அங்கதான் இருக்காங்க. இறங்கிட்டான்னா?"

"இறங்கலாம், சார். இறங்கினா அதையும் இங்க வந்து சொல்லலாம்."

அந்த நாள் வந்தது. பூட்டைத் திறந்தேன். கேட்காமல் விரலை உயர்த்தினேன். சற்று நின்றான், பிறகு குனிந்தான். நெற்றி லேசாகச் சுட்டது.

"பூட்டிடாதீங்க லா. நான் திரும்பி உள்ள வரணும்."

அன்று வந்தான். அடுத்த வாரம் தேக்காவில் இறங்கிவிட்டான். அதையும் சிஸ்டரிடம் போய்ச் சொன்னான். பிறகு என்னிடம் சொன்னான். இன்னும் சிஸ்டரிடம் போய்வருகிறான்.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு வேறு ஆறுதல் என்னிடமில்லை. எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது. கீழ்மாடியில் அது நிற்கும் சத்தத்துக்கும், படியேறும் காலடிக்கும் இடையில்தான் இப்போது வாழ்கிறேன். கிரில் திறந்தே கிடக்கிறது. அவன் நெற்றியின் சூடு கட்டைவிரலில் இருக்க, நான்தான் வெளியே போவதில்லை.