பதிவேட்டில் ஏறாத கடிதம்

எனக்கு அவளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் டெலக்ஸ் அலுவலகம் இருந்தது. சொந்தமாக டெலக்ஸ் வைத்துக்கொள்ள முடியாத துணிக்கடைக்காரர்களும் கார்கோ ஏஜெண்டுகளும் எங்களிடம் வந்துதான் மெட்ராசுக்கும் பம்பாய்க்கும் செய்தி அனுப்புவார்கள். இயந்திரத்தில் தட்டுவது என் வேலை. அனுப்பிய ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நகல் தேதிவாரியாகக் கோப்பில் போகும். நகலின் அடியில் அதைத் தட்டியவரின் முதலெழுத்தைப் போட வேண்டும்.

அவள் எனக்கு இரண்டு வருடம் கழித்து வேலைக்கு வந்தவள். மாதா கோயில் பாட்டுக் குழுவில் இருந்த கத்தோலிக்கப் பெண். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் பேசுவாள். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஆறே மாதத்தில் முதலாளி அலுவலகத்து இரும்பு அலமாரியின் சாவியைத் தூக்கி அவளிடம் கொடுத்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்த அலமாரியில் நகல் கோப்புகளோடு ஒரு பதிவேடும் இருந்தது. அரசாங்க அலுவலகங்களிலிருந்து அவ்வப்போது கடிதம் வரும். இன்ன வாடிக்கையாளர் இன்ன மாதத்தில் அனுப்பிய செய்திகளின் நகல் வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். கடிதத்தில் கையொப்பம், முத்திரை, கோப்பு எண் மூன்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பலாம். ஆனால் கொடுத்தாலும் திருப்பினாலும் பதிவேட்டில் ஏற்றியே ஆக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எத்தனை வந்தது, எத்தனை கொடுத்தோம், எத்தனையைத் திருப்பினோம் என்று அரசாங்க மேலிடத்துக்கு அறிக்கை போகும். வாடிக்கையாளரிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது. தன் பேச்சை யாரோ படித்துவிட்டார்கள் என்று தெரியாமலே அந்த மனுஷன் மறுநாள் வந்து, நம்மோடு கோப்பி குடித்துவிட்டு, அடுத்த செய்தியை நீட்டுவான்.

சாவி ஏன் எனக்கு இல்லை என்று முதலாளியிடம் ஒரு நாள் நேராகவே கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்:

"உனக்கு வாய் நிக்காது லா."

அன்று பஸ்ஸில் தோ பாயோ வீடு வரை அழுதுகொண்டே போனேன். அவர் சொன்னது உண்மைதான். அதனால்தான் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்குப் போவேன். அப்பா போனபின் என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். சாங்கி விமான நிலையம் திறந்த புதிது, அங்கே கார்கோ ஏஜெண்டாகச் சின்னதாகத் தொழில் தொடங்கியிருந்தார். எங்கள் அலுவலகத்தில்தான் டெலக்ஸ் கொடுப்பார். அவர் என் அண்ணன் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். போகிற ஒவ்வொரு வாரமும் நான் அவளைப் பற்றித்தான் புலம்புவேன். அவள் நடை, அவள் சிரிப்பு, கிறிஸ்துமஸுக்கு அவள் கொண்டுவந்த கேக்கை எல்லாரும் புகழ்ந்தது, ஒன்றையும் விடமாட்டேன். அண்ணன் சிரித்துக்கொண்டே, அந்தச் சாவியை வாங்கித் தாலியில் கோத்துக்கொள், அப்போதாவது அடங்குகிறாயா பார்க்கலாம் என்பார். அண்ணிக்கும் அந்தப் பெண்ணைப் பார்க்காமலே பிடிக்காமல் போயிற்று.

காலாண்டு அறிக்கையைத் தட்டச்சு செய்வது மட்டும் நான். என் வேகம் அவளுக்கு வராது. அதற்காகப் பதிவேட்டை ஒரு மணி நேரம் என் மேசையில் வைப்பாள். வெளியே போகும் தபால்களுக்கான புத்தகமும் என்னிடம்தான் இருந்தது. ஒரு முறை இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். வேலை அக்கறை ஒன்றும் இல்லை. குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். தபால் புத்தகத்தில் அரசாங்க அலுவலகங்களுக்குப் போன உறை எட்டு. பதிவேட்டில் இருந்தது ஏழு.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மதியம் மீகோரெங் வாங்கி வந்து ரசித்துச் சாப்பிட்டேன். சாப்பிட்ட கையோடு இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. அரசாங்கத்துக்குப் பொய்க் கணக்குக் கொடுத்ததாக ஆகிவிடும், உரிமத்துக்கே ஆபத்து என்றார். அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தக் கடிதத்தில் கையொப்பம் இல்லை, அதனால் இரண்டு மாதத்துக்கு முன்பே திருப்பிவிட்டேன் என்றாள். திருப்பியது சரி, பதிவேட்டில் ஏன் ஏற்றவில்லை என்று கேட்டார். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வை அன்று எனக்குத் திமிராகப் பட்டது.

"விட்டுட்டேன் சார். என் தப்புதான்."

நான் அங்கிருந்து நகர்ந்திருந்தால் காரணத்தைச் சொல்லியிருப்பாளோ என்னவோ, நான் நகரவில்லை. முழுசாகப் பார்க்க வேண்டுமே எனக்கு.

அன்றே சாவி கை மாறியது. அவளை என் இயந்திரத்தில் உட்கார வைத்தார்கள். விடுபட்ட கடிதத்தைப் பற்றி அதை அனுப்பிய அரசாங்க அலுவலகத்துக்கு விளக்கம் எழுதச் சொன்னார் முதலாளி. கடிதம்தான் திரும்பிப் போய்விட்டதே, தபால் புத்தகத்தில் இருந்த தேதியை மட்டும் வைத்து நானே எழுதினேன். கையொப்பத்தோடு மறுபடி அனுப்பினால் உடனே கவனிக்கிறோம் என்று ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். கெட்டிக்காரி என்று பெயர் வாங்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் போய்ச் சாவியை ஆட்டிக் காட்ட வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை அந்தக் கடிதம் திரும்ப வந்தது. கையொப்பம், முத்திரை, கோப்பு எண் எல்லாம் சரியாக இருந்தன. வாடிக்கையாளர் பெயர் இருக்கும் இடத்தில் அண்ணனுடைய கம்பெனியின் பெயர் இருந்தது.

நான் அறிக்கை அடிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் பதிவேட்டில் உள்ள பெயர்கள் எல்லாம் என் கண்ணில் படும். முதலாளிக்கு அது தோன்றவே இல்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் பார்க்கக் கூடாது என்றுதான் ஏற்றாமல் விட்டிருக்கிறாள். அலுவலக விதிக்காகவா, எனக்காகவா? அதை நான் அவளிடம் கேட்டதே இல்லை.

தலையைத் தூக்கினேன். எதிரே என் பழைய நாற்காலியில் அவள் தட்டிக்கொண்டிருந்தாள். அரசாங்க உறையின் நிறத்தையும் என் முகத்தையும் பார்த்தே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் வேணா எடுத்துத் தரட்டா? நீங்க கீழ போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்க," என்றாள். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் அலமாரி, என் சாவி, இவள் யார் எனக்கு இரக்கம் காட்ட? வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நானே எடுத்தேன். நகல்களில் பாதிக்கு மேல் அடியில் இருந்தது என்னுடைய முதலெழுத்து.

அந்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் தலைவலி என்று சொல்லி நான் போகவில்லை. அதற்குள் அதிகாரிகள் அண்ணனின் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். பெட்டிக்குள் இருந்தது ஒன்று, சுங்கத்துக்குக் கொடுத்த பாரத்தில் எழுதியது இன்னொன்று. அவர் உத்தமர் என்று நான் சொல்லவில்லை. எப்படியும் அந்தக் கடிதம் ஒரு நாள் திரும்ப வந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் இரண்டு மாதம் அது வரவில்லையே. நான் எழுதிய வரிக்குப் பிறகுதானே வந்தது.

கார்கோ பகுதிக்குள் நுழையும் அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். அண்ணன் கம்பெனியை மூடிவிட்டு, தெம்பனிஸில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலைக்குப் போனார். மாதக் கணக்கில் ஒருவரோடும் பேசாமல் இருந்தவர், ஒரு நாள் நான் போயிருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே திடீரென்று கேட்டார், நான் அனுப்பிய டெலக்ஸ் நகல் எல்லாம் உங்கள் ஆபீஸிலிருந்துதானே அதிகாரிகளுக்குப் போயிருக்கும் என்று. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அண்ணி ரசத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அண்ணனே தொடர்ந்தார்:

"சாவி அந்தப் பொண்ணுகிட்டதானே இருக்கு? அப்பவே சொன்னியேம்மா, அவ சரியில்லன்னு."

சாவி என் கைப்பைக்குள் இருந்தது.

"ஆமாண்ணே," என்றேன்.